நன்றாக உறங்கினார்

வெள்ளி இரவு: நோயாளி நன்றாக உறங்கினார்.
சனி இரவு: நோயாளி நன்றாக உறங்கினார்.
ஞாயிறு: மேற்படி.

ஞானசிகாமணி, வயது நாற்பத்தொன்று,
குலசேகரம் பால்வெட்டுத் தொழிலாளி,
மூன்று இரவும் உறங்கியிருக்கிறேன்.
நீல மையில் இருக்கிறது.
மூன்று நாளில் தரவேண்டிய கேஸ் ஷீட்டை
இருபத்தாறு நாள் நடக்கவிட்டுத் தந்தார்கள்.
"மேற்படி"யைப் படித்ததும் லில்லிபுஷ்பம்
ஆட்டோவிலேயே சிரித்துவிட்டாள்.
பிறகு மார்த்தாண்டம் பாலம் முடியும்வரை
பேசவில்லை.

மழை வளைவில் பைக் சரிந்தது.
வலது முன்கையில் இரண்டு எலும்பு.
அது என் பிழை, அல்லது வளைவின் பிழை,
அதற்கு யாரையும் சொல்லவில்லை.
மாவுக்கட்டு இறுகியது அதற்குப் பிறகு.
விரல்கள் முதலில் சிவப்பு,
அப்புறம் கத்தரிக்காய் நிறம்.
"கட்டு போட்டா அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி"
என்றது நர்ஸ் பிள்ளை, கொட்டாவியோடு.
அவளுக்கு அது இரண்டாவது ஷிப்ட்.
டாக்டர் கல்யாண வீட்டில்.

திங்கள் காலை கட்டைப் பிளந்தார்கள்.
திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன டாக்டர்
என் நகத்தை அமுக்கிப் பார்த்து
எத்தனை மணி நேரம் இப்படி என்றார்.
லில்லி நாட்களில் சொன்னாள்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

நாகர்கோவிலில் வக்கீல் ஜெபமலர்:
"கை போனதுக்கு கேஸ் இல்ல, கேட்டியளா.
நல்ல டாக்டர்கிட்டயும் கை போகும்.
பார்க்கவேண்டிய நேரத்துல பார்க்காம விட்டாங்க,
அதனாலதான் போச்சு,
இத இன்னொரு டாக்டர் எழுதித் தரணும்.
ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.
அழுகை உங்ககிட்டயே இருக்கட்டும்.
ரசீதத் தாங்க."

சீட்டு காயப்போடுவதுபோல்
அவர் மேசைமேல் ரசீதுகளை விரித்தோம்.

நாளுக்கு எத்தனை மரம்? முந்நூற்றைம்பது.
மழைநாளைக் கழி. இலை உதிரும் மாசத்தைக் கழி.
அறுபது வயதுவரை பெருக்கு.
பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது
இருபத்திரண்டு வருஷம்
என் கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்தது.
மயிரிழை கூடினால் மரம் புண்படும்,
மேஸ்திரி கூலியில் பிடிப்பார்.
இதை எந்தக் கட்டத்தில் எழுத என்று கேட்டேன்.
ஜெபமலர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து,
ஆஸ்பத்திரி ஆள் வந்தார். உறையில் இரண்டு லட்சம்.
எந்தக் குறையும் இல்லை என்று ஒரு தாள்.
இடதுகையால் பேனாவை எடுத்துவிட்டேன்,
பொய் சொல்லவில்லை.
லில்லிதான் உறையை மடக்கி
அவர் சட்டைப்பையில் திருப்பி வைத்தாள்.

உறங்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி?
நானும் பெஞ்சாதியும் சொன்னால் போதாதாம்.

நான்காம் கட்டிலில் கொளச்சல் சவேரியடிமை கிடந்தார்,
குடலிறக்கத்துக்கு.
"வாயப் பொத்துடே, மனுசன் உறங்கண்டாமா" என்று
சனி இரவு என்மேல் தலையணையை எறிந்தவர்.
மீன் ஏலத்தில் வைத்துப் பிடித்தோம்.
என் முகம் அவருக்கு நினைவில்லை.
கையைப் பார்த்தார்.
பாறைமீனின் விலையைப் பாதியில் விட்டார்.

ஆணையத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்:
"மனுதாரர் உமக்கு நண்பரா?"
"இல்ல சார். எனக்கு இவன பிடிக்காது.
மூணு ராத்திரி என்ன உறங்க விடல்ல."
தட்டச்சு ஒரு கணம் நின்றது,
பிறகு அதையும் அடித்தது.

வாய்தா அடுத்த மாசத்துக்குப் போயிருக்கிறது.
பஸ் ஸ்டாண்டில் சவேரியடிமை
"அந்தத் தலையணை..." என்று ஆரம்பித்தார்.
"பஞ்சுதானே" என்றேன்.
கொளச்சல் வண்டி வந்துவிட்டது.

இப்போதும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது,
வெட்டுக்குப் போகிற நேரம்.
ஆணியில் தலைலைட்டு தொங்குகிறது.
விடிந்ததும் லில்லி கேட்பாள்,
உறங்கினியளா?
மேற்படி, என்பேன்.